ஈசானி மூலையில் சிக்கிய டவுன்லோட்

நவநீதன் டவுன்லோட் பொத்தானை அழுத்தினான். வட்டம் ஒன்று கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான். ஃபைல் வரவும் இல்லை, வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, 'வூட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தது.

"வந்துடுச்சா தம்பி?" என்றார் காளியப்பன்.

"வருதுங்கண்ணா."

"இதத்தான் சாப்பாட்டுக்கு முன்னாடியும் சொன்ன."

கடத்தூர் 'மாதவா டிஜிட்டல்ஸ்' பிளக்ஸ் கடையில் நவநீதன்தான் டிசைனர். பி.சி.ஏ. முடித்தவன். அத்தனை ஆண்டு படித்த கணினி அறிவியலை இப்போது ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் சட்டைமேல் ஒட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். இந்த வட்டாரத்தில் பிறந்த யாரும் தன் மவுசுக்குத் தப்ப முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பிறந்தால் பிளக்ஸ், காது குத்தினால் பிளக்ஸ், வயசுக்கு வந்தால் பிளக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். நடுவில் ஒன்றும் நடக்காத வருடங்களில் பிறந்தநாள் பிளக்ஸ். எல்லாவற்றிலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி நிற்பார்கள். எதிர்முனையில் இருப்பது யார் என்பது இன்றுவரை தெரியவந்ததில்லை.

காளியப்பனுக்கு வேண்டியது காதுகுத்து பிளக்ஸ். அவர் தங்கை சுகுணாவின் மகனுக்கு மறுநாள் காலையில் கம்பைநல்லூர் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் சுகுணாவின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் வரவில்லை. பத்திரிகையில் தன் பெயரைப் பங்காளி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, பட்டுவேட்டியைக் கட்டியபடியே வீட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். அந்தப் பெண்ணை யாரோ தூரத்து உறவுக்காரர் மடியில் உட்கார வைத்துக் காரியத்தை முடித்தார்கள். அன்றோடு அண்ணன் தங்கைக்குப் பேச்சு நின்றது.

இந்த முறை சுகுணா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று பொழுது சாய்வதற்குள் மண்டபத்துக்கு வந்துவிட்டால் பையன் அவர் மடியில் உட்காருவான். காலையில் விருந்தாளி மாதிரி வந்து இறங்கினால் அந்தத் தூரத்து உறவுக்காரரே இந்த வருடமும் தயாராக இருக்கிறார்.

புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? வண்டியை எடுத்துக்கொண்டு மொரப்பூர் வழியாகப் போய்ச் சேருவான். காளியப்பன் என்ன செய்தார்? மண்டபத்து வாசலில் தங்கை புருஷன் மாது கட்டியிருக்கும் பேனரில் தன் படம் இல்லை என்று கேள்விப்பட்டு, "என் போர்டு அங்க நின்னப்பறந்தான் நான் உள்ள காலெடுத்து வெப்பன்" என்று ஊர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சபதம் போட்டார். ஆக, ஒரு குழந்தையின் இரண்டு காதுகளும் ஒரு ஃபைலை நம்பியிருந்தன.

அந்த ஃபைலைச் செய்தவன் ஓசூரில் வேலை பார்க்கும் அவர் பெரியப்பா மகன் ரஞ்சித்குமார். அவன் டிசைனர் இல்லை. டிசைன் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும் என்பதால், பெரிய ஃபைலை எங்கோ ஒரு தளத்தில் ஏற்றி, லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு, ஷிப்ட்டுக்குள் நுழைந்துவிட்டான். கம்பெனிக்குள் போனால் செல்போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இனி அவன் வெளியே வரும்போது கம்பைநல்லூரில் ராத்திரிப் பந்தி முடிந்திருக்கும்.

"அண்ணா, போட்டோ குடுத்தீங்கன்னா நானே புதுசா பண்ணித் தந்துருவன்" என்றான் நவநீதன்.

"வேணாந்தம்பி. ரஞ்சித்து, பையன என் மடியில ஒக்கார வெச்சிருக்கான்."

"பையன்தான் உங்க வூட்டுக்கே வந்ததில்லையே?"

"கம்ப்யூட்டர்ல ஒக்கார வெச்சிருக்கான்."

"அத நானும் வெப்பங்க."

காளியப்பன் தயங்கினார். "கோவிச்சிக்காத. பஸ் ஸ்டாண்டுல நீ பண்ண போர்டு பாத்தன். அதுல ஒராளுக்கு மூணு கை இருக்குது."

மூன்றாவது கை பக்கத்தில் நிற்பவருடையது; அந்த ஆளை நீக்கச் சொன்னார்கள், கை தோளில் தங்கிவிட்டது. இதையெல்லாம் காளியப்பனுக்கு விளக்குவது கௌரவக் குறைச்சல். நவநீதன் மறுபடியும் டவுன்லோட் பொத்தானை அழுத்தினான். வட்டம் சுற்றியது. நின்றது.

காளியப்பனின் போனிலேயே இறக்கிப் பார்க்கலாம் என்று வாங்கினான். போனில் இடமில்லை. தினமும் விடியற்காலையில் வந்து சேரும் ரோஜாப்பூ வணக்கங்களால் கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஆனாலும் போன் யோக்கியமானது: 'இடமில்லை, முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. நவநீதனின் போனில் இடம் இருந்தது. டேட்டா மதியமே தீர்ந்துவிட்டது; கடை வைஃபையின் பாஸ்வேர்டை முதலாளி யாருக்கும் சொன்னதில்லை. கடைக் கம்ப்யூட்டர்தான் எதையும் சொல்லாமல் நாகரிகம் காத்தது.

கடை முதலாளி மாதவராஜ் சாப்பிட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று.

"ஆப் பண்ணிப் போடு."

"பண்ணிட்டங்கண்ணா."

"பிளக்கப் புடுங்கினியா?"

"இல்லீங்க."

"அதான்." தானே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பச்சைக் குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் சி.பி.யு.வின் மண்டையில் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் செருகினார். கம்ப்யூட்டர் விழித்து, பாட்டுப் பாடி, அதே பக்கத்தைத் திறந்து, அதே வட்டத்தைச் சுற்றி, அதே இடத்தில் நின்றது.

"நெட்டு பிராப்ளம்" என்றார் மாதவராஜ். நெட்டு நன்றாக இருந்தது. கல்லாவில் அவருடைய போன் அதே நெட்டில் தவில் கச்சேரி ஓட்டிக்கொண்டிருந்தது.

ஊரில் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ஆலோசனை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. வாசனை பிடித்து வந்துவிடுவார்கள். பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆரோக்கிய பிரவீன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து சேர்ந்தான். ஆபரேஷனுக்குக் கூப்பிட்ட டாக்டர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"குக்கீஸ் கிளியர் பண்ணியா?"

"பண்ணன்."

"இன்காக்னிட்டோ?"

"பாத்தன்."

"அப்ப சர்வர் டவுன்."

"எந்த சர்வர்?"

"மெயின் சர்வர்" என்றான் பிரவீன். எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான் என்பதால் நவநீதன் கேட்கவில்லை.

காளியப்பனுக்கு அந்தப் பதில் நெஞ்சில் தைத்தது. "டவுனுன்னா எப்ப எந்திரிக்கும் தம்பி?"

"சொல்ல முடியாதுங்க. அமெரிக்காக்காரன் கையில இருக்குது."

தன் மருமகனின் காது அமெரிக்காக்காரன் கைக்குப் போய்விட்டதைக் கேட்டு காளியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசலில் வெயில் சாய்ந்து, எதிர்க்கடை நிழல் பாதி ரோட்டைத் தாண்டியிருந்தது. அவர் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரவீன் விடவில்லை. டவுன்லோடை வேகப்படுத்தும் சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, தன் பென் டிரைவைச் செருகி அதை ஏற்றினான். அது ஏறியது, கூடவே தன் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தது. ஜாதகம் பார்க்கும் பட்டை ஒன்று, எடை குறைக்கும் விளம்பரம் ஒன்று, சீட்டாட்டம் ஒன்று. ஃபைல் மட்டும் வரவில்லை.

"இத மூடுறா மொதல்ல" என்றான் நவநீதன்.

பிரவீன் மவுசை வலது மேல் மூலைக்குக் கொண்டுபோய்த் தடுமாறினான். "இன்டூ எங்கடா?"

"பிள்ளையாருக்குப் பின்னால."

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் ஜன்னல்களை மூடும் பெருக்கல் குறியை யாரும் பார்த்ததில்லை. கடை கட்டும்போது மாதவராஜ் வாஸ்து பார்த்தார். ஈசானி மூலை, அதாவது வடகிழக்கு, தெய்வம் இருக்க வேண்டிய இடம்; அங்கே குப்பை சேரக்கூடாது என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது கடைக்கு. மாதவராஜ் அதைக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுபோனார். மேப்பில் மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு. எனவே மானிட்டரின் வலது மேல் மூலைதான் ஈசானி என்று தானே கணக்குப் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரைக் கண்ணாடிமேலேயே ஒட்டி, அதற்குச் சந்தனமும் வைத்துவிட்டார். மானிட்டர் நிஜத்தில் பார்ப்பது தெற்கே, கழிப்பறையை. அந்தக் கடையில் வேலைக்குச் சேருபவன் முதலில் கற்றுக்கொள்வது, எதையும் கீபோர்டிலேயே மூடுவது எப்படி என்பதைத்தான்.

நவநீதன் இரண்டு விசைகளை அழுத்தி எல்லாவற்றையும் மூடினான். பிரவீன், "ஓஎஸ்ஸே மாத்தணும்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் கூப்பிடுகிறார் என்று கழன்றுகொண்டான். கூப்பிட யாரும் இல்லை.

"நான் கெளம்பறன்" என்று காளியப்பன் எழுந்தார்.

"மண்டபத்துக்குங்களா?"

"வூட்டுக்கு."

"அண்ணா, போர்டு இல்லாட்டி என்னாங்க? நேரா போய் ஒக்காந்துக்குங்க."

"டீக்கடையில சொல்லிப்புட்டனே தம்பி."

நவநீதனுக்கு இந்த இடத்தில் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதர், டீக்கடையில் மூன்று கிழவர்களும் ஒரு வடைத்தட்டும் கேட்ட வார்த்தைக்காகச் சொந்தத் தங்கையை இரண்டாவது முறையும் விடப்போகிறார். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை வெறும் டவுன்லோட் கோளாறு காரணமாக நடக்க விடுவதா என்ற எரிச்சல்தான் வந்தது. முட்டாள்தனத்துக்கும் ஒரு தகுந்த காரணம் வேண்டாமா?

"அஞ்சு நிமிசம் ஒக்காருங்க" என்றான்.

பக்கத்தை மறுபடி திறந்தான். பொத்தானை அழுத்திவிட்டு, இந்த முறை வட்டத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் மோவாயை வைத்து, திரை முழுவதையும் வெறித்துப் பார்த்தான். முன்பெல்லாம் எதையாவது டவுன்லோட் செய்தால் திரையின் அடியில் ஒரு பட்டை வரும், அதில் ஃபைலின் பெயர் இருக்கும். போன வாரம் பிரவுசர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதிலிருந்து அடிப்பட்டையைக் காணோம். அது எங்கே போனது என்று அவன் யோசிக்கவே இல்லை. வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் பென் டிரைவோடு வருகிறவர்கள். டவுன்லோடுக்கு அவசியமே வந்ததில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பிள்ளையாரின் வாகனமான மூஞ்சுறுவின் காலடியில், சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தில், சிவப்பாக ஒரு விளிம்பு. நகக்கண் அளவு. மூஞ்சுறு எதன்மேலோ மிதித்துக்கொண்டு நின்றது.

நவநீதன் மவுசின் அம்பைப் பிள்ளையாருக்குள் நுழைத்தான். அம்பு மறைந்தது. குத்துமதிப்பாக மூஞ்சுறுவின் காலில் ஒரு சொடுக்கு.

பிள்ளையாரின் இடப்பக்கமாக ஒரு பெட்டி வழிந்து இறங்கியது. அதில் ரஞ்சித்குமாரின் ஃபைல் இருந்தது. அதற்குக் கீழே அதே ஃபைல். அதற்கும் கீழே அதே ஃபைல். இதுவரை அழுத்திய ஒவ்வொரு அழுத்துக்கும் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் ஒரே விஷயம்: இந்த ஃபைல் வரும் தளம் பாதுகாப்பானதில்லை, தடுத்து வைத்திருக்கிறேன், வைத்துக்கொள்ளவா, வீசிவிடவா?

பிரவுசர் எதையும் மறைக்கவில்லை. மதியமெல்லாம் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்தான் விக்னம் தீர்ப்பவர்.

ரஞ்சித்குமாரை நவநீதன் நம்பவில்லை, ஆனால் அது டிசைன் விஷயத்தில்தான். 'வைத்துக்கொள்' என்று அழுத்தினான். ஃபைல் பொத்தென்று இறங்கியது.

"பாத்தியா!" மாதவராஜ் எழுந்து வந்து மானிட்டரின் மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கடைசியில அவருதான் காட்டிக் குடுத்தாரு."

"அண்ணா, அவருதான் மறைச்சிட்டு இருந்தாரு."

"அவரு அங்க இல்லைன்னா நீ அந்தப் பக்கம் பாத்திருப்பியா?"

நவநீதன் ஃபைலைத் திறந்தான்.

காளியப்பன் பின்னால் வந்து நின்றார். மூச்சு அவன் பிடரியில் பட்டது. திரை முழுக்கக் காளியப்பன். நடுவில், சிம்மாசனத்தில், கிரீடம் இல்லாத குறை ஒன்றுதான். மடியில் மருமகன். ஆனால் ரஞ்சித்குமாரின் கைவண்ணத்தில் பையன் மாமன் மடியில் உட்காரவில்லை, ஒரு சாண் மேலே அந்தரத்தில் மிதந்தான். பக்கத்தில் பட்டுப்புடவையில் சுகுணா. சுற்றிலும் ரோஜாப்பூ. மேலே இரண்டு புறா.

"நல்லா இருக்குதில்ல?" என்றார் காளியப்பன்.

நவநீதன் பிரிண்ட் கொடுக்கப் போய், கையை நிறுத்தினான். பேசாமல் அடித்துக் கொடுத்திருக்கலாம். கேட்டதைக் கொடுப்பதுதான் தொழில். ஆனால் கம்பைநல்லூர் முழுக்கச் சிரிக்கப்போகிற ஒன்றின் அடியில் 'மாதவா டிஜிட்டல்ஸ்' என்று போட்டிருக்கும்.

"அண்ணா, இதுல பையனோட அப்பா எங்க?"

"மாதுவா? அவன் போர்டுல நான் இல்ல. என் போர்டுல அவன் இல்ல."

"சரிங்க. தெரியாத ஆளு ஒருத்தரு ரோட்டுல போறாரு, இந்தப் போர்டப் பாக்கறாருன்னு வெச்சிக்குங்க. நடுவுல நீங்க. மடியில கொழந்த. பக்கத்துல பட்டுப்புடவையில ஒரு பொம்பள. சுத்தி ரோஜாப்பூ. அவரு என்ன நெனப்பாரு?"

காளியப்பன் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் கறுத்துச் சிவந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யய்யோ. என் கூடப்பொறந்தவடா அவ!"

"அது உங்களுக்குத் தெரியும். புறாவுக்குத் தெரியாதே."

"மாப்ளயப் போடு. சீக்கிரம் மாப்ளயப் போடு!"

"போட்டோ வேணுங்க."

அவரிடம் இல்லை. யாரிடம் கேட்பது? கேட்க ஓர் இடம்தான் இருந்தது. காளியப்பன் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கிணற்றில் குதிப்பவர் மாதிரி கண்ணை மூடி அழுத்தினார். போனில் பேசுவது சரியாகக் காதில் விழாது என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார், கடையே கேட்டது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் பாத்திரச் சத்தம்.

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"காளியப்பன்."

"எந்தக் காளியப்பன்?"

"ஒங்கண்ணன், சுகுணா."

"ஓகோ. எனக்கு அப்படி ஒருத்தன் இருக்கான்னு ஊர்ல சொல்லிக்கிறாங்க. என்ன விசயம்?"

"மாப்ள போட்டோ ஒன்னு வேணும். பிளக்ஸுக்கு."

"ஏன், கண்ணீர் அஞ்சலி அடிக்கிறியா?"

மாதவராஜ் சிரிப்பை அடக்கக் கல்லாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மறுமுனையில் யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

"வணக்கங்க மச்சான். மாது பேசறன். போட்டோ அனுப்பறதுல ஒன்னுமில்ல. உங்க தல எவ்ளோ சைசுங்க?"

காளியப்பன் நவநீதனைப் பார்த்தார். நவநீதன் கைகளை அகல விரித்துக் காட்டினான்.

"சாதாரணமாத்தான் இருக்குதுங்க மாப்ள."

"சாதாரணம்னா? என் போர்டுல எனக்கு மூணடி."

"எனக்கும் அதான்."

"அப்ப சமமா வெச்சிருங்க. ஒரு இஞ்ச் கொறஞ்சாலும் எங்க பங்காளிங்க டேப்பு வெச்சுப் பாப்பானுங்க."

"சமமா வெச்சிரலாங்க மாப்ள."

"உங்க ஒசரத்துக்கே இருக்கணும். கீழ எறக்கி வெச்சிராதீங்க."

கொரியாவின் எல்லையைக்கூட இவ்வளவு நிதானமாகப் பேசித் தீர்த்திருக்க மாட்டார்கள் என்று நவநீதன் நினைத்தான். தூரத்தில் சுகுணாவின் குரல் கேட்டது: "தலய மொதல்ல இங்க கொண்டாரச் சொல்லு! பலகையில அப்பறம் ஒட்டிக்கலாம். பையன் மாமன் எங்க, மாமன் எங்கன்னு உயிர எடுக்கறான்."

காளியப்பன் போனை அணைத்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்தார்.

ரோஜாப்பூ வணக்கங்கள் சிலவற்றை அழித்து இடம் செய்ததும் போட்டோ வந்தது. மாது கூலிங் கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். நவநீதன் ஆச்சரியப்படவில்லை. காளியப்பனின் தலையைச் சுருக்கி, மாதுவின் தலையைப் பெருக்கி, அளவுகோல் வைத்துச் சமன் செய்தான். சுகுணாவைப் புருஷன் பக்கம் நகர்த்தினான். மிதந்த பையனை இறக்கி மடியில் உட்கார வைத்தான். புறாக்களை நீக்கினான், அவற்றுக்கு அங்கே வேலையில்லை. மிஷின் கரகரவென்று இழுத்து இழுத்துத் துப்பத் தொடங்கியது.

"காயட்டுங்கண்ணா. கொஞ்ச நேரம் விரிச்சுப் போடணும்."

"பொழுது சாயுது தம்பி."

"ஈரத்துல சுருட்டினா ஒட்டிக்கும்."

காளியப்பன் கேட்கிற நிலையில் இல்லை. பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கி, வண்டியை உதைத்து, மொரப்பூர் ரோட்டில் பறந்துவிட்டார். சட்டையின் ஒரு பக்கம் முழுக்க ரோஜா நிறம்.

மறுநாள் மதியம் மாதவராஜ் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கம்பைநல்லூர் மண்டபத்து வாசல். பேனர் நிமிர்ந்து நின்றது. நவநீதன் சொன்னபடியே ஒட்டிப் பிரிந்திருந்தது: காளியப்பனின் மீசை பாதி உரிந்து, மாதுவின் கன்னத்தில் கோணலாகப் பதிந்திருந்தது. தலைகள் மட்டும் சமமாக இருந்தன.

பேனருக்குக் கீழே நாற்காலியில் நிஜக் காளியப்பன். மடியில் நிஜப் பையன், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, ஆசாரியின் ஊசி காதில் இறங்கிய கணத்தில், வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தான். சுகுணா அழுகையும் சிரிப்புமாகப் பையனின் காலைப் பிடித்திருந்தாள்.

காளியப்பன் பையனைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, மேலே பேனரில் இருக்கும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மாதுவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.